ஒன்றைக் கொடுத்து எட்டை வாங்கினேன்

படப்பை,
புதன்கிழமை.

அன்புள்ள சரோஜாவுக்கு,

ராஜம்மா எழுதுகிறேன். குலுக்கலில் நமக்கு விழுந்த ஒன்றாம் எண்ணை வனமாமலைக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய எட்டாம் எண்ணை வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பெண்கள் கால்பந்து லீக்குக்கு ஆள் எடுக்க எட்டு அணிக்காரர்களும் மேசையில் உட்காரும்போது, கோல் போடுகிற தென்றலின் பெயரை முதலில் கூப்பிடப்போவது நாம் இல்லை. இதைப் படித்ததும் உனக்குத் தலை சுற்றுகிறதா, இல்லை மூச்சு நிம்மதியாக வருகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. அதுதான் என் குறை.

பிரவீனாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? எட்டாம் மாதத்தில் உப்பைக் குறைத்துக் கொடு. உன் கைக்கு உப்பு எப்போதும் அதிகம். மஸ்கட்டில் வெயில் எப்படி இருந்தாலும் நீ மொட்டை மாடிக்குப் போய் நிற்காதே.

போனிலேயே சொல்லியிருக்கலாமே, இவள் எதற்குத் தாள் பேனாவோடு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். உன் மருமகன் வசந்தகுமார் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் உன்னிடம் கொடுக்கிறார். நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவரும் வனமாமலையும் நாங்குநேரிப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள். அதனால் சனிக்கிழமை விமானம் ஏறுகிற நம் ஆணிக்கடைக்காரர் மகளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உறையின் வாயைப் பசை போட்டு ஒட்டி, மேலே சரக்கு அடுக்குகிற மரப் பேலட்டுக்கு அடிக்கிற நம் யார்டு முத்திரையையும் குத்தியிருக்கிறேன். முத்திரை கிழிந்திருந்தால் எனக்குச் சொல்.

யார்டு நன்றாக ஓடுகிறது. மழையில் ஓரக் கொட்டகை ஒழுகியது, தகரம் மாற்றிவிட்டேன். கண்ணாடிக் கம்பெனிக்காரர்கள் உடைந்த பேலட்டை நல்லதோடு கலந்து ஒரே லாட்டாகத் தள்ளப் பார்த்தார்கள். மேல் பலகை புதுசு, அடிக்கட்டை முழுக்கச் செல்லரித்தது. புரட்டிப் பார்க்காமல் எதையும் ஏற்றாதே என்று டிரைவர் மாரியிடம் சொல்லி வைத்திருந்தேன், அவன் புரட்டினான், பிழைத்தோம். கம்பெனி கேட் வாசலில் உடைந்த கட்டை பொறுக்கி அடுப்புக்கு விற்ற நாளிலிருந்து எனக்கு இந்த ஒரு படிப்புதான். உனக்கும் அதேதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் நடந்தது. மண்டபத்தில் நான் ஒருத்திதான் பொம்பளை. பெண்கள் ஆடுகிற லீக்குக்குச் சீட்டு எடுக்க ஏழு ஆம்பளைகள். சீட்டைப் பிரித்தபோது ஒன்று என்று இருந்தது. அவ்வளவு பேர் முகமும் சுருங்கியதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வனமாமலைக்கு எட்டு விழுந்தது. அவர் முகம் மட்டும் சுருங்கவில்லை. கடைசி எண் விழுந்தவன் சிரித்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அப்போதே மனதில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே யார்டுக்கு வந்துவிட்டார். எட்டு வருஷமாக இந்த ரோட்டில் கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்கிறார், வேன் ஓட்டுகிறார், ஒரு நாளும் நம் வாசல் மிதித்தவர் இல்லை. அன்றைக்கு ஆணி கிடக்கிற மண்ணில் வெள்ளை வேட்டியோடு நடந்து வந்து, பேலட் மேலேயே உட்கார்ந்து, டீயும் கேட்டு வாங்கிக் குடித்தார். “யக்கா, ஒண்ணாம் நம்பருன்னு பேருதான் பெருசு. பதினாறு வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும் பாத்துக்கிடுங்க. எட்டுன்னா, ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் போன சுத்து அங்கதான தலைகீழாத் திரும்புது? எட்டும் ஒங்களுக்கு, ஒம்பதும் ஒங்களுக்கு. ஒத்தைக் கையில ஒரு மாம்பழமா, ரெண்டு கையிலயும் ரெண்டு கொய்யாவா, நீங்களே சொல்லுங்க” என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் சங்கடம். போன வருஷம் தென்றலை முதலில் எடுத்த அணி அரையிறுதியைத் தாண்டவில்லை. அவள் முன்னால் கோல் போட்டுக்கொண்டே இருந்தாள், பின்னால் ஆளில்லாமல் இவர்கள் அதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டார்கள். கோப்பை எடுத்தது கடைசி எண்காரர்கள். ஆனால் அதற்கு முந்தின வருஷம் முதல் எண்தான் ஜெயித்தது. அதை அவர் சொல்லவில்லை. தனக்கு வசதியான வருஷத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறவன் லாட்டில் மேல் பலகையைத்தான் காட்டுகிறான். நான் அதைச் சொன்னதும், “யக்காகிட்ட யாவாரம் பண்ண முடியுமா” என்று சிரித்தார்.

இன்னொன்றையும் மறைத்தார். எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்த எண்தான். ஆனால் எட்டு முதல் சுற்று, ஒன்பது இரண்டாம் சுற்று. நம் லீக்கின் வழக்கம் உனக்குத் தெரியும். முதல் சுற்றில் எடுத்த பெண்ணுக்கு மட்டும்தான் சீசன் முடிகிற வரை ஜெனரல் ஷிஃப்ட். அணிக்காரர் கேட்டால் கம்பெனிகள் அதை மறுப்பதில்லை. இரண்டாம் சுற்றுப் பெண் வழக்கம்போல நைட் ஷிஃப்ட் சுற்றுவாள், காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவாள். பாதி ஆட்டத்தில் கால் ஓடாது. இவர் அந்த ஒன்பதையும் எட்டுப்போலவே சேர்த்து விலை பேசினார். ஷிஃப்ட் கணக்கிலேயே பிழைக்கிற மனுஷருக்கு இது மறந்துபோகுமா? கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

இதெல்லாம் வியாபாரப் பேச்சு. இதற்காக நான் தூக்கம் கெட்டிருக்க மாட்டேன். டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னார் பார்: “தென்றல விட்டா என்ன யக்கா? ஒங்களுக்கு அந்த கீப்பர் பிள்ளை இசக்கிசெல்வி போதும்லா. அவ எட்டுலயும் கெடப்பா. ஆனா எட்டு என் கையிலயே இருந்துச்சுன்னா நான் யார எடுப்பேன்னு எனக்கே தெரியாது.”

சரோஜா, அந்த இடத்தில் எனக்கு மரம் அறுக்கிற சத்தமே காதில் விழவில்லை.

அந்தப் பெண்ணை நாம் பார்த்ததை யோசித்துப் பார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வடக்குப்பட்டு நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சாப்பாட்டுப் பையை கோல் கம்பமாக வைத்து நடுவில் ஒரு நெட்டைப் பெண். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஷூ புதுசு. அவளைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. மாரி ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டு காற்று அடிக்கப் போயிருந்தான். வண்டியில் நீயும் நானும்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கழுத்து அட்டையைப் பார்த்துத்தான் நீ பெயரைப் படித்தாய். லீக்குக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்ததும் திட்டம் போட்டதும் நீதான். எந்த எண் விழுந்தாலும் முதல் சுற்றில் இருப்பதில் சிறந்தவள், இவளை யாருக்கும் தெரியாது, இரண்டாம் சுற்றில் சும்மா கிடைப்பாள் என்றாய். ஒன்று விழுந்தால் தென்றலும் நமக்கு, பதினாறில் இவளும் நமக்கு. இந்த ரோட்டில் எவனுக்கும் அமையாத அணி. அந்தத் திட்டத்துக்கு ஒரே ஒரு பூட்டுதான், அது வாய்ப்பூட்டு.

முதலில் மாரி மேல் சந்தேகப்பட்டேன். கேட்டதற்கு, “இன்னாக்கா நீ, எனக்கு அந்தப் பொண்ணு நெட்டையா குட்டையான்னே தெரியாது, நான் ஏன் போய் சொல்லப் போறேன்” என்று கோபித்துக்கொண்டு மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டான். பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அடுத்து, இசக்கி என்கிற பெயரே வனமாமலையின் ஊர்ப்பக்கம் ஆயிற்றே என்று அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். “அவுஹ யாருன்னே எனக்குத் தெரியாதே யக்கா, நீங்க யாரு?” என்றாள். அது நியாயம்தான். நாம் அவளைப் பார்த்ததே அவளுக்குத் தெரியாதபோது அவள் என்னத்தைச் சொல்லியிருக்க முடியும்?

தென்றலையும் பார்த்தேன். காலில் அடியா, கல்யாணம் ஏதும் பேசுகிறார்களா, வனமாமலை தனியாக எதுவும் சொல்லி வைத்திருக்கிறாரா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் நேராகவே சொல்லிவிட்டாள். “யார் எடுத்தா இன்னாக்கா? மொத ஆளா போனாலும் ஜெனரல் ஷிஃப்ட்தான், எட்டாவதா போனாலும் ஜெனரல் ஷிஃப்ட்தான். ராவுல வூட்ல படுத்துத் தூங்கணும், அவ்ளோதான். நீங்கதான் நம்பரு நம்பருன்னு அட்ச்சிக்கினு கீறீங்க.” வனமாமலை எதற்கு அவளைக் கேட்கிறார் என்பதும் அவளிடமே கிடைத்தது. அவள் வேலை பார்க்கிற கம்பெனிக்கு ஆள் அனுப்புவது அவர்தான். ஒப்பந்தம் முடிகிற நேரம். இறுதி ஆட்டத்துக்குக் கம்பெனி மேலிடத்து ஆட்கள் வருவார்களாம், அப்போது அவர்கள் கம்பெனிப் பெண் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஆக, அவருக்கு வேண்டியது கோல் இல்லை, போட்டோ. எட்டாம் எண்ணுக்குத் தென்றல் மிஞ்ச மாட்டாள். அதனால்தான் நம் ஒன்றைக் கேட்கிறார் என்று அதுவரை விளங்கியது. ஆனால் நம்மிடமிருந்து ஒன்று கிடைக்கும் என்று சீட்டுப் பிரித்த நிமிஷத்திலேயே அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையும் பண்ணியிருந்தாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ என்ன எண் விழுந்தது என்று கேட்கவில்லை. மழை பெய்ததா என்றாய், தகரம் மாற்றினாயா என்றாய். நானாகத்தான் ஒன்று என்றேன். “அப்படியா, நல்லது” என்றாய். போன வருஷம் ஐந்து விழுந்ததற்கு மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. ஒன்று விழுந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாய். திங்கட்கிழமைப் போனில் மெதுவாக, “யாராவது வந்து கேட்டா யோசிச்சுப் பாரு ராஜம்மா, எட்டு கூட மோசமில்ல” என்றாய். எட்டு யாருக்கு விழுந்தது என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னைச் சந்தேகப்பட்ட என் புத்தியைத்தான் பிடிக்கவில்லை. இவ்வளவு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளை லாட்டு பேலட் மாதிரி புரட்டிப் பார்க்கிறேனே என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் புரட்டினேன்.

செவ்வாய்க்கிழமை நானே வனமாமலை ஆபீசுக்குப் போனேன். உட்காரும்போதே, “சரோஜா எல்லாத்தையும் சொல்லிட்டா” என்றேன். பொய்தான். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். “அப்பாடா, சொல்லிட்டாங்களா யக்கா? எனக்கும் ஒங்ககிட்ட மறைக்கது கஷ்டமாத்தான் இருந்துச்சு. என் தம்பி ஆபீஸ் மூலமாத்தான மருமகப்பிள்ளை அங்க இருக்காரு. ஒப்பந்தம் முடியப்போவுது, அங்க ஆள் கொறைக்காவோ. நான் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுதேன்னேன். ஒங்க கூட்டாளி, எங்களுக்கு எந்த நம்பரு விழுந்தாலும் அது ஒங்களுக்குத்தான், ராஜம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்னாங்க. கீப்பர் பிள்ளை விஷயமும் அவுஹ சொன்னதுதான்” என்று கொட்டிவிட்டார்.

ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னேன்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. எதற்கு என்றால், கொடுத்ததற்கு இல்லை. பிள்ளைத்தாய்ச்சி மகள், மருமகனுக்கு வேலை போகிற நிலைமை, அந்நிய ஊர். இதற்கு முன்னால் தென்றல் என்ன, கோப்பை என்ன? நானாக இருந்தால் அணியையே கொடுத்திருப்பேன். என்னிடம் கேட்டால் தர மாட்டேன் என்று நினைத்தாயா? இல்லை, கேட்டுவிட்டால் காலமெல்லாம் சொல்லிக் காட்டுவேன் என்று நினைத்தாயா? இரண்டாவது என்றால் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. என் வாய் எனக்குத் தெரியும்.

வியாபாரி என்ற முறையில் இன்னொரு கோபமும் இருக்கிறது. நீ விற்ற விலை. வனமாமலை ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றாராம், நீ ஒன்றாம் எண்ணையும் கொடுத்து, நம் கீப்பர் பெண்ணின் பெயரையும் கையில் கொடுத்துவிட்டாயாம். வார்த்தை சரக்கா சரோஜா? லோடு கேட்டைத் தாண்டாமல் ரசீது கொடுக்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதானே. அந்தத் தம்பிக்காரன் வார்த்தையைக் கேட்டானோ இல்லையோ, தென்றல் மட்டும் வனமாமலை வேனில் ஏறியிருப்பாள். பயம் வந்தால் எவ்வளவு பெரிய கெட்டிக்காரியும் புரட்டிப் பார்க்காமல் ஏற்றிவிடுகிறாள்.

அதனால் அங்கேயே உட்கார்ந்து வியாபாரத்தை முதலிலிருந்து பேசினேன். ஒன்று இப்போதும் என் கையில்தான் இருக்கிறது, லீக் நடத்துகிற சங்கத்தின் மேசையில் கையெழுத்து என்னுடையது, சரோஜா சொன்னது எனக்குக் கட்டு இல்லை என்றேன். “நீங்க இப்டிப் பேசலாமா யக்கா, ஒங்க கூட்டாளி வாக்கு” என்றார். அவள் வாக்கை அவளிடம் வாங்கிக்கொள், அவள் மஸ்கட்டில் இருக்கிறாள், அங்கே உன் தம்பிக்குப் பக்கத்துத் தெருதான் என்றேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், “ஒங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நான் ஊருக்கே திரும்பிப் போயிருப்பேன்” என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டார். பேச்சு மாற மாட்டாரா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் எது முதலில் நடக்க வேண்டும் என்கிற வரிசையை நம் பக்கம் வைத்திருக்கிறேன்.

எட்டில் இசக்கிசெல்வியை எடுக்கப்போகிறேன். இப்போது நாலு பேர் காதில் விழுந்துவிட்ட பெயர், இரண்டாம் சுற்று வரை விட்டுவைக்க முடியாது. அவளுக்கும் ராத்திரி தூக்கம் கிடைக்கும். கோல் போடுகிற பெண்ணை எல்லோருக்கும் தெரியும், விலை ஏறிக் கிடக்கும். கோலைத் தடுக்கிற பெண்ணுக்கு இன்னும் சந்தை வரவில்லை. எட்டு மோசமில்லை என்று நீ போனில் சொன்னது என்னை ஏமாற்றத்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் அது சரியாகத்தான் இருக்கிறது, போ.

பிரவீனாவிடம் இதையெல்லாம் சொல்லாதே. அந்த நேரத்தில் அவள் எதையும் யோசிக்கக் கூடாது. வசந்தகுமாரிடமும் கேட்காதே. அவருக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுகிறேன். சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

பேசி முடித்தது இதுதான். நம் ஒன்றும் பதினாறும் அவருக்கு, அவர் எட்டும் ஒன்பதும் நமக்கு. ஒன்பதில் நாம் எடுக்கிற பெண்ணுக்கும் சீசன் முழுக்க ஜெனரல் ஷிஃப்ட், அதைக் கம்பெனியில் பேசி வாங்கித் தருவது அவர் பொறுப்பு. மருமகனுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் புதுப்பித்து, அவர் கையில் வந்து, அதை நீ உன் கண்ணால் படித்துப் பார்த்து, எனக்குப் போனில் “தகரம் மாத்தியாச்சா” என்று கேட்ட பிறகுதான் நான் சங்க மேசையில் கையெழுத்துப் போடுவேன். உனக்கும் எனக்கும் நடுவில் நான் வைக்கிற நிபந்தனை ஒன்றுதான்: திரும்பி வந்ததும் நீயாக என்னிடம் சொல்ல வேண்டும், நானாகக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பாதிப் பங்குக்காரி
ராஜம்மா